அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவில்

திருப்பூரில், சாயத்தண்ணீர் ஓடிய ஓடைக்கு மேற்கே, ஒரே சிமெண்ட் ஷீட் கூரையின் கீழ் வரிசையாக எட்டு வாசல் வைத்துக் கட்டிய எங்கள் ராசப்பன் காம்பவுண்டில், ஆறாவது வாசலுக்குள் பூபதியும் சுகந்தியும் குடியிருந்த பத்துக்குப் பத்து அறை, அமாவாசையும் இல்லாத பௌர்ணமியும் இல்லாத ஆனி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் உள்ளுக்குள்ளேயே நீளத் தொடங்கியது. வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஐந்தாவது வீடும் ஏழாவது வீடும் எப்போதும்போல அதன் இரண்டு பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டித்தான் நின்றன. உள்ளே நுழைந்தால் மட்டும், வாசலை ஒட்டிக் கிடந்த கட்டிலுக்கும் பின்சுவரை ஒட்டியிருந்த அடுப்புக்கும் நடுவில் இருந்த தரை, பனியன் துணியை இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து இழுத்தால் நீளுமே, அப்படி நீண்டு கிடந்தது.

கல்யாணமாகி வந்த புதிதில் அந்த அறை அவர்களுக்குப் போதாமல் இருந்ததுதான் வேடிக்கை. கட்டிலில் உட்கார்ந்தபடியே பூபதி கையை நீட்டினால் அடுப்பில் இருக்கும் கடாய் எட்டும். உருளைக்கிழங்கு வறுவலில் ஒரு துண்டை எடுத்து அவன் வாயில் போட்டுக்கொள்வான், சுகந்தி கரண்டிக் காம்பால் அவன் புறங்கையில் ஒரு தட்டு தட்டுவாள், அந்தச் சத்தமும் அதற்குப் பின்னால் வரும் சிரிப்பும் ஐந்தாவது வீட்டு மல்லிகாக்காவுக்குச் சுவர் தாண்டிக் கேட்கும். "ரெண்டு பேரும் சோறு திங்கறாங்களா, சண்டை போடறாங்களான்னே தெரியலயே" என்று மல்லிகாக்கா சொல்லிச் சிரிக்கும்.

அப்புறம் ஒன்றரை ஷிப்ட் வந்தது, நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம். பூபதி ஒரு கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர், பீஸ் ரேட்டு. தைத்த பீஸுக்குத்தான் கூலி என்பதால் தலையை நிமிர்த்தினால் ஒரு பீஸ் போச்சு, பக்கத்து மெஷின்காரனுக்கு ஒரு வார்த்தை பதில் சொன்னால் இன்னொரு பீஸ் போச்சு, முதுகுக்குப் பின்னால் சூப்பர்வைசர் "கை ஓடட்டும், கை ஓடட்டும்" என்று நாள் முழுக்கக் கத்திக்கொண்டே நடப்பான், ஷிப்மெண்ட் நெருங்கிய வாரத்தில் அதற்கு மேலும் சில வார்த்தைகள் சொல்லுவான், அவற்றை இங்கே எழுத முடியாது. சுகந்தி வேறொரு கம்பெனியில் செக்கிங். அவள் வேலை குறை கண்டுபிடிப்பது. டியூப்லைட்டுக்குக் கீழே மேஜைமேல் பனியனை விரித்து, ஓட்டை எங்கே, எண்ணெய்க் கறை எங்கே, விட்டுப்போன தையல் எங்கே என்று பார்த்து, அந்த இடத்தைக் காட்டுகிற மாதிரி சுண்டுவிரல் நகத்தளவு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் தள்ள வேண்டும். ஒரு கெட்ட பீஸ் அவள் கண்ணுக்குத் தப்பிப் போய்விட்டால் அதைக் கம்பியில் தொங்கவிட்டு எல்லாரையும் நிறுத்திவைத்து "இது எந்தக் குருடி பார்த்தது" என்று கேட்பார்கள். கை வீட்டுக்கு வந்தாலும் கண்ணுக்கு ஷிப்ட் முடிவதில்லை. சேலை மடிப்பிலும் ஜாக்கெட் கையிலும் ஒட்டிக்கொண்டு தினமும் நாலைந்து அம்புகள் அவளோடு வீட்டுக்கு வரும்.

அந்த வியாழக்கிழமை நடந்தது இவ்வளவுதான். பூபதி வந்து கட்டிலில் விழுந்தான். சுகந்தி அவனைப் பார்த்தாள். பார்த்ததும் கண் தானாகவே வேலையை ஆரம்பித்துவிட்டது.

"காலர்ல தையல் விட்டிருக்குது. பேண்ட்டுல எண்ணெய். இந்தக் காலோட கட்டில்ல ஏறிப் படுக்கறீங்க."

"இங்கயும் செக்கிங்கா?" என்றான் பூபதி, கண்ணைத் திறக்காமல்.

"இங்கயும் பீஸ் ரேட்டா? மூஞ்சிய நிமிர்த்தி ஒரு வார்த்த பேசக்கூடாதா?"

இரண்டு பேரும் கம்பெனியில் சொல்ல முடியாமல் விழுங்கிக்கொண்டு வந்த வார்த்தைகள் அதற்கப்புறம் வந்தன. சூப்பர்வைசருக்குப் போக வேண்டியது சுகந்திக்கு வந்தது. கம்பியில் பனியனைத் தொங்கவிட்டவர்களுக்குப் போக வேண்டியது பூபதிக்கு வந்தது. பேசி ஓய்ந்து அவள் தண்ணீர் மொள்ளத் திரும்பியபோது குடம் கொஞ்சம் தள்ளி இருந்தது. மறுநாள் இன்னும் தள்ளி இருந்தது. ஆனி முடிவதற்குள் கட்டிலில் இருந்து அடுப்பு கூப்பிடு தூரம் ஆகிவிட்டது, ஆடி பிறந்தபோது கூப்பிட்டாலும் கேட்காத தூரம் ஆகிவிட்டது.

இதற்கெல்லாம் காரணம் சொல்ல ஆள் இல்லாமல் போகுமா? வாஸ்து பார்ப்பவர் வந்து கழிவுநீர்க் குழாய் போகும் மூலையைக் காட்டிவிட்டுப் போனார். எட்டாவது வீட்டு ரிட்டயர்டு லைன்மேன், வெயிலுக்குத் தரை விரிவதுண்டு என்றார். மல்லிகாக்கா எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டது. ஒன்றும் ஆகவில்லை என்றதும் நாங்கள் காரணத்தை விட்டுவிட்டு, இடம் சும்மாதானே கிடக்கிறது என்று யோசிக்க ஆரம்பித்தோம்.

முதலில் மல்லிகாக்காதான் மிளகாய் காயப் போட்டது. அந்தக் கூரைக்குள் வெயில் எப்படியோ நன்றாக இறங்கியது. பிறகு ஏழாவது வீட்டு பீகார்க்காரர்கள் லீவு நாளில் அங்கே கிரிக்கெட் ஸ்டம்பு நட்டார்கள். கீரைக்காரம்மா நடுவழியில் கூடையை இறக்கி வைத்துக்கொண்டு, தெருவில் போலீஸ்காரன் தொல்லை, இங்கே இல்லை என்றது. அதற்கும் அப்பால் ஒருவர் டீக்கடை போட்டார். அன்வர் பாய் தன் ஷேர் ஆட்டோவைக் கொண்டுவந்து கட்டிலுக்கும் அடுப்புக்கும் ட்ரிப் அடிக்கத் தொடங்கினார். ஆள் நுழைகிற வாசலில் ஆட்டோ எப்படி நுழைந்தது என்று கேட்காதீர்கள், ஓரம் உரசாமல் நுழைந்தது. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள், எங்களுக்கு ஒரு வீடு ரெண்டுபட்டதே போதுமானதாக இருந்தது.

ஆனால் அந்த ஆட்டோ அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் பயன்படவில்லை. சுகந்தி ஒரு தடவை ஏறிப் பார்த்தாள். வண்டி ஓடியது, ஓடியது, பெட்ரோல் குறைந்தது, கட்டில் மட்டும் வரவே இல்லை. "அக்கா ஏறினா வண்டிதானுங்கக்கா ஓடுது, எடம் நகர மாட்டேங்குது" என்று அன்வர் பாய் கையை விரித்துவிட்டார். அந்தத் தூரம் அவர்களுக்கு நடந்தால்தான் தீரும். நடந்ததும் அவள் மட்டும்தான். தெருவாசல் கட்டில் பக்கம் இருந்ததால், கம்பெனி விட்டு வந்து அவனைத் தாண்டி அடுப்புக்கு நடப்பாள், சோறாக்கித் தட்டை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு நடப்பாள், திரும்ப அடுப்புப் பக்கம் போய் அங்கேயே பாயை விரித்துக்கொள்வாள், காலையில் டம்ளரில் டீயோடு மறுபடி நடப்பாள். பூபதி கட்டிலோடு சரி. நாளெல்லாம் மெஷின் பெடலை மிதித்த கால் வீட்டுக்கு வந்ததும் மரத்துப்போய்விடும். போக வேண்டும் என்று நினைப்பான், நினைப்பதற்குள் தூங்கிவிடுவான்.

இடையில் பேச்சு எங்கள் வழியாகத்தான் போய்வந்தது, அதுதான் கெட்டது. ஒரு நாள் காலை பூபதி டம்ளரை வாயில் வைத்துவிட்டு, "டீ ஆறிப்போச்சே" என்று தனக்குத்தானே சொன்னான். அதை அன்வர் பாய் கீரைக்காரம்மாவிடம் சொல்ல, கீரைக்காரம்மா மல்லிகாக்காவிடம் சொல்ல, மல்லிகாக்கா அடுப்படிக்குப் போய், "உன் டீயை வாயில வெக்க முடியலயாம் புள்ள" என்றது. சுகந்தி சேலையில் ஒட்டியிருந்த அம்பு ஒன்றைப் பிய்த்துத் தரையில் போட்டாள். அன்றைக்கு டீக்கடைக்காரர் தன் பெஞ்சுக்கும் ஸ்டவ்வுக்கும் இடையே ஒரு வண்டிப்பாதை அகலத்துக்கு இடைவெளி விழுந்திருப்பதாகச் சொல்லி அலுத்துக்கொண்டார்.

"அப்படி என்ன புள்ள கோவம் அவன் மேல?" என்று மல்லிகாக்கா கேட்டது.

"கோவமா?" சுகந்தி அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்தாள். "கோவப்படறதுக்கு ஒடம்புல தெம்பு வேணுமில்லக்கா. அசதிக்கா. அவரு கட்டில்கிட்ட அக்கட்டால இருக்கறாரு, நான் அடுப்புகிட்ட இக்கட்டால இருக்கறேன், நடுவுல எல்லாம் அசதி."

பூபதியிடம் அன்வர் பாய் கேட்டதற்கு அவன் கட்டிலில் படுத்தபடியே பதில் சொன்னான். "பேசோணும்னுதான் பாய் இருக்குது. வாயத் தொறந்தா கம்பெனில சொல்ல முடியாம வந்ததுதான் மொதல்ல வருது. அதுக்குப் பயந்துட்டே மூடிக்கறேன்."

இந்த நிலைமையில்தான் வீட்டுக்காரர் ராசப்பன் உள்ளே வந்தார். தன்னைக் கேட்காமல் வீட்டை நீட்டிவிட்டார்களே என்று சண்டைக்கு வந்தவர், நடுவில் நின்று சுற்றிப் பார்த்ததும் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததைப்போல முகம் மலர்ந்துவிட்டார். ஆவணியில் அவர் மகளுக்குக் கல்யாணம். ஊரில் ஒரு மண்டபமும் கிடைக்கவில்லை. பந்தலை இங்கேயே போட்டுவிடலாம், பந்திக்கும் இடம் இருக்கிறது, இலை எடுக்கிறவர்கள் நடமாடவும் இடம் இருக்கிறது, கல்யாணம் முடிந்த பிறகு இதையே மண்டபமாக நடத்தலாம் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டார். பத்திரிகையும் அடித்தாயிற்று.

"நீங்க ரெண்டு பேரும் எதுக்குச் சிரமப்படறீங்க?" என்றார் சுகந்தியிடம், மிகவும் கனிவாக. "அடுப்புக்குப் பொறத்தால செவுத்த ஒடச்சுப் பின்தெருவுக்கு ஒரு வாசல் வெச்சுத் தந்தர்றேன் அம்மிணி. நீ அப்படிக்கா போயி வந்துக்க, பூபதி இப்படிக்கா போயி வரட்டும். நடுவுல இருக்கறத நான் பார்த்துக்கறேன்."

சுகந்தி யோசிக்கக்கூட இல்லை. "வெச்சிருங்க. நடக்கறது மிச்சம்" என்றாள். பூபதியிடம் கேட்டபோது, "அவளுக்குச் சரின்னாச் சரிதானுங்க" என்றான்.

ராசப்பன் போன பிறகு மல்லிகாக்கா கட்டிலுக்கு முன்னால் வந்து இடுப்பில் கைவைத்து நின்றது. மிளகாய் காயப் போட இடம் போய்விடும் என்று தெரிந்தும் அது கேட்டதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். "ஏண்டா பூபதி, அந்தக் கதவு வந்துட்டா அவ எதுக்குடா இக்கட்ட வரப்போறா? டீயாவது வருது இப்போ. நாளைக்கு யாருடா இருக்கறா உனக்கு?" பூபதி மேலே சுற்றும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். அவன் கண்ணில் நீர் நின்றதை மல்லிகாக்கா பார்த்தது, ஆனால் அதைச் சுகந்தியிடம் கொண்டுபோய்ச் சொல்லவில்லை, போகிற வழியில் அதுவும் வேறாக மாறிவிடும் என்று அதற்கே தெரிந்துவிட்டது.

இரண்டு பேருக்கும் லீவு கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் என்பதால் ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசக்கால் வைப்பதென்று ஆனது. பந்தலுக்கு மூங்கிலும் ஓலையும் அன்றே வந்து இறங்கின. பின்சுவருக்குப் பக்கத்தில் வேப்பமரத்து வாசக்கால் சாய்த்து வைக்கப்பட்டு மாவிலை கட்டப்பட்டது. எல்லாம் தயாரானதும் கொத்தனார் பழனியாண்டி உளியைக் கீழே வைத்துவிட்டார்.

"குடியிருக்கற சோடி ரெண்டு பேரும் சேர்ந்து நின்னு வாசக்காலுக்கு மஞ்சள் பூசோணுமுங்க. அது இல்லாம நான் செவுத்துல உளி வெக்க மாட்டேன். கட்டடத்துக்கு ஆகாது."

பிரிந்து போகிற வாசலுக்குச் சேர்ந்து நின்று மஞ்சள் பூச வேண்டும் என்பது அங்கே யாருக்கும் வினோதமாகப் படவில்லை. வழக்கம் என்றால் வழக்கம். ராசப்பன் காலண்டரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், "பூபதியக் கூட்டிட்டு வாங்கப்பா, நேரம் போகுது" என்று சத்தம் போட்டார். சுகந்தி மஞ்சள் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசக்காலுக்குக் கீழே உட்கார்ந்தாள்.

பூபதி கட்டிலில் இருந்து எழுந்தான். அன்வர் பாய் உதட்டைப் பிதுக்கினார். ஆட்டோவால் ஆகாது என்பது தெரிந்ததுதானே. அவன் நடக்க ஆரம்பித்தான். தன் வீட்டில் தன் அடுப்பை நோக்கி அவன் நடப்பது, வீடு நீண்ட பிறகு அதுதான் முதல் தடவை. மிளகாய் காய்ந்த இடத்தைத் தாண்டினான், ஸ்டம்புகளைத் தாண்டினான், மூங்கில் குவியலைச் சுற்றிக்கொண்டு போனான். பாதிகூட ஆகவில்லை, முழங்கால் வலி எடுத்துவிட்டது. சற்று நிற்கலாம் என்று நின்ற இடத்தில் காலடியில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. குனிந்து பார்த்தால், அம்பு ஸ்டிக்கர்.

கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதற்கும் தள்ளி இரண்டு மூன்று சேர்ந்தாற்போல. அவளுடைய சேலையில் இருந்து உதிர்ந்தவை. நடந்துகொண்டிருக்கும்போது உதிர்ந்தவை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன. கொத்தாகக் கிடந்த இடங்களில் எல்லாம் அவள் நின்றிருக்கிறாள், நின்று மூச்சு வாங்கியிருக்கிறாள், டம்ளரைக் கை மாற்றியிருக்கிறாள், கீரைக்காரம்மா பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தும் இருக்கிறாள். அந்த டம்ளரைத்தான் அவன் வாங்கி வாயில் வைத்துவிட்டு ஆறிப்போச்சே என்றான். எப்படி ஆறாமல் இருக்கும்? இவ்வளவு தூரம் கொண்டுவந்தால் கொதிக்கிற உலையும் ஆறும். குறை இருக்கும் இடத்தில் ஒட்டுகிற அம்பு அது, அவளை யாரும் கேட்காமலேயே சரியான இடத்தில்தான் ஒட்டியிருக்கிறாள் என்று பூபதி நினைத்துக்கொண்டான். டீக்கடைக்காரர் பார்த்துக்கொண்டிருக்க, அவன் அழுதுகொண்டேதான் நடந்தான். ஒவ்வொரு அம்பாகப் பொறுக்கி விரலில் ஒட்டிக்கொண்டே, அவை காட்டிய பக்கமாகவே நடந்தான்.

அவன் போய்ச் சேர்ந்தபோது சுகந்தி தூங்கிவிட்டிருந்தாள். வாசக்காலில் தலை சாய்ந்திருந்தது, மஞ்சள் கிண்ணம் மடியில் சரிந்திருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது.

"எழுப்பப்பா, நல்ல நேரம் முடியப் போகுது" என்றார் ராசப்பன்.

"தூங்கட்டுங்க" என்றான் பூபதி.

"ஏம்பா, மஞ்சள் பூசிட்டுத் தூங்கச் சொல்லு!"

"வாரத்துல ஒரு நாளு. தூங்கட்டுங்க." குரலை உயர்த்தவில்லை. நாள் முழுக்கத் தலை குனிந்தே இருக்கிறவன் தலையை நிமிர்த்திச் சொன்னான், அவ்வளவுதான். கொத்தனார் உளியைத் துணியில் சுற்ற ஆரம்பித்தார்.

பூபதி அடுப்பைப் பற்ற வைத்தான். எந்த டப்பாவில் சர்க்கரை என்று தெரியாமல் இரண்டு டப்பாவைத் திறந்து மூடினான். டீ போட்டு ஒரு டம்ளரில் ஊற்றி அவள் பக்கத்தில் வைத்தான், எழுந்ததும் கொடுக்கலாம் என்று வாசக்காலின் இன்னொரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்தான், உட்கார்ந்ததும் அவனும் தூங்கிப்போனான்.

தரை அப்போதுதான் பழைய அளவுக்குத் திரும்ப ஆரம்பித்தது. அவசரம் ஒன்றும் இல்லை, துவைத்த துணி காயக் காயச் சுருங்குவதுபோல மெதுவாகத்தான் வந்தது. முதலில் அதைக் கண்டது டீக்கடைக்காரர். அவர் ஸ்டவ்வை அணைத்துவிட்டு உதட்டில் விரலை வைத்து எல்லாருக்கும் காட்டினார். பிறகு நடந்ததை நாங்கள் யாரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலேயே செய்தோம். மல்லிகாக்கா மிளகாயை முந்தானையில் அள்ளியது. பீகார்க்காரர்கள் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு மூங்கில்களுக்கும் தோள் கொடுத்தார்கள். கீரைக்காரம்மா கூடையைத் தலையில் தூக்கியது. அன்வர் பாய் இன்ஜினைப் போடாமல் ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு வெளியேறினார், அப்போதும் ஓரம் உரசவில்லை. கடைசியாக வந்தவர் ராசப்பன். மகள் கல்யாணத்துக்கு இடம் போன வயிற்றெரிச்சல் முகத்தில் அப்படியே இருந்தது, ஆனால் செருப்பு சத்தம் போடும் என்று அதைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வெளியே வந்தார்.

வெயில் இறங்கிய நேரத்தில் சுகந்தி கண் விழித்தாள். கட்டில் கால் அவள் தோளை இடித்தது. பக்கத்தில் புருஷன் தூங்கிக்கொண்டிருந்தான், பத்து விரலிலும் சிவப்பு அம்புகள். தரையில் ஆடை படிந்த டீ. அவள் அவன் விரல்களையே வெகு நேரம் பார்த்தாள், பிறகு அந்த டீயை எடுத்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். டம்ளர் சத்தத்தில் பூபதி விழித்துக்கொண்டான்.

"ஆறிப்போச்சா?"

"ஆறித்தான் இருக்குதுங்க" என்றாள். "நல்லா இருக்குது."

கல்யாணம் எங்கள் தெருவிலேயே ஷாமியானா போட்டு நடந்தது, இலை எடுக்கிறவர்கள் நடமாட இடமில்லை என்பதைத் தவிரக் குறை ஒன்றுமில்லை. அந்த வாசக்கால் இப்போது வெளியே பின்சுவரில் சாய்ந்தபடி இருக்கிறது, அதில் மல்லிகாக்கா துணி காயப் போடுகிறது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். திங்கட்கிழமை காலை கம்பெனி சங்கு ஊதியது, அதே ஒன்றரை ஷிப்ட், அதே "கை ஓடட்டும்", அதே டியூப்லைட்டு. இரண்டு பேரும் வீடு திரும்பினார்கள். சுகந்தி ஒன்றும் பேசாமல் கடாயை வைத்தாள், பூபதி ஒன்றும் பேசாமல் கட்டிலில் விழுந்தான். வறுவல் வாசனைக்குக் கையை நீட்டிப் பார்த்தான். எட்டவில்லை. அடுப்பு ஒரு எட்டு தள்ளிப் போயிருந்தது.

கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கிடந்தான். அப்புறம், "அய்யோ அம்மா" என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அந்த ஒரு எட்டை நடந்து போனான்.

"என்னங்க?" என்றாள் சுகந்தி, கரண்டியோடு திரும்பி.

"ஒண்ணுமில்ல புள்ள" என்றான். "இக்கட்ட வந்தேன்."